முதலில் எழுதப்பட்ட பிழை

தாதர் மேற்கில், பிளாசா தியேட்டருக்குப் பின்புறம் மும்பை மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு ஆபீஸ் இருக்கிறது. தாதர், மாகிம், தாராவி மூன்றும் இந்த வார்டில் அடக்கம். தாராவியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வேண்டுமானால் முதலில் இங்கேதான் வரும். தண்ணீர், சாக்கடை எல்லாவற்றுக்கும் இதுதானே வார்டு. ஆனால் பிறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும். தாராவிப் பிள்ளைகள் பலர் பிறப்பது சயான் ஆஸ்பத்திரியில். அது எஃப் வடக்கு வார்டு. அதற்கான ஆபீஸ் மாட்டுங்கா கிழக்கில், பாவு தாஜி ரோட்டில். தாதரில் வரிசையில் நின்றவர் மாட்டுங்காவுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் பிள்ளை என்றால் மாட்டுங்காவும் போதாது. பதிவேடு தென்காசிப் பக்கமோ நாங்குநேரிப் பக்கமோ இருக்கும். தாதரிலிருந்தே திருநெல்வேலிக்கு சாளுக்கியா எக்ஸ்பிரஸ் இருப்பது நல்லதாகப் போயிற்று.

திருத்தம் கேட்டு வருபவர் முதலில் கற்றுக்கொள்வது இந்தப் பூகோளம். அடுத்துக் கற்பது இன்னும் கடினம். ஓர் அரசுப் பதிவைத் திருத்த இன்னோர் அரசுப் பதிவு வேண்டும். அது இதைவிடப் பழையதாக இருந்தால் நல்லது. பான் கார்டில் பிழையென்றால் ஆதாரைக் கேட்பார்கள். ஆதாரில் பிழையென்றால் பானையோ பாஸ்போர்ட்டையோ கேட்பார்கள். எல்லாம் தவறென்றால் பள்ளிக்கூடத்து எல்.சி. (பள்ளியை விட்டதற்கான சான்றிதழ்), அதுவும் தவறென்றால் பிறப்புப் பதிவு. பெயருக்குரிய ஆள் கவுன்ட்டர் முன்னாலேயே நிற்கிறார். அவர் வாய்ச்சொல் கணக்கில் வராது. இந்த வரிசையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கே அதிகாரம். அதை எழுதியவர் யார், எந்த எழுத்தில், என்ன அவசரத்தில் எழுதினார் என்று எந்தக் கவுன்ட்டரிலும் கேட்பதில்லை. மும்பைத் தமிழர்களின் காகிதங்களைப் புரட்டினால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு ஆட்கள் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். தோல் பதனிடும் வேலை அவர்களை இழுத்தது. வந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்கள் பெயரைச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவரோ, பள்ளி ஆசிரியரோ, ரேஷன் ஆபீஸ் குமாஸ்தாவோ காதில் விழுந்ததைத் தேவநாகரியில் எழுதினார்கள். குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அந்த எழுத்தில் புழக்கத்தில் வடிவம் இல்லை, ழகரத்துக்கும் இல்லை. ளகரம் மராத்தியில் உண்டு என்பது ஒரு சின்ன ஆறுதல். எழிலரசி அங்கே ஏலிலரசியாவாள், பொன்னழகு போனலகு ஆவார். பின்னால் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த மராத்தி எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். பெயர் தமிழ் வாயிலிருந்து மராத்திக் காதுக்கும், அங்கிருந்து ஆங்கில விசைப்பலகைக்கும் போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுதியவர் தன் வழக்கப்படி சரியாகவே எழுதினார்.

லதா என்ற எளிய பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் தகரத்துக்கு ஆங்கிலத்தில் டி எழுதிப் பக்கத்தில் எச் போடுவது வழக்கம். மகாராஷ்டிரத்தில் வெறும் டி போதும், எச் சேர்த்தால் அது வேறு எழுத்து. நெல்லையில் பிறப்பைப் பதிந்த லதாவுக்கு எச் உண்டு. மும்பைப் பள்ளியில் சேர்ந்த லதாவுக்கு எச் இல்லை. கீதாவுக்கும் முத்துவுக்கும் இதே கதைதான். பாஸ்போர்ட் ஆபீஸிலோ பி.எஃப். பணம் எடுக்கும்போதோ இந்த ஒற்றை எழுத்து அவளை இரண்டு ஆளாக்கிவிடுகிறது. தமிழ்ச்செல்வி பாடு இன்னும் மோசம். அவள் பெயரை இரண்டாகப் பிரித்து, தமிழ் என்பதை முதல் கட்டத்திலும் செல்வி என்பதைத் தகப்பன் பெயருக்கான கட்டத்திலும் போட்டுவிட்டால் செல்வி அவளுக்கு அப்பா ஆகிவிடுவார்.

எழுத்தைவிடப் பெரிய வம்பு இந்தக் கட்டங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு பெயருக்கு மூன்று கட்டம்: தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், ஆட்நாவ் எனப்படும் குடும்பப் பெயர். தமிழரிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்ட வேண்டாமென்று தீர்மானம் போட்டது. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தேறியும் விட்டது. மும்பைப் படிவம் அந்தக் காலி இடத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட்நாவ் காய்?" என்று ஆசிரியர் கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். ஊரில் எஸ். முருகனாக இருந்தவர் இங்கே முருகன் சுடலைமுத்து நாடார் ஆனார். அல்லது கோனார் ஆனார், தேவர் ஆனார். மாட்டுங்காவில் குடியேறியவர்களுக்கு ஐயர் என்பது ஆட்நாவ் ஆயிற்று. சாதி சொல்ல விரும்பாதவர்கள் தகப்பன் பெயரையே கடைசிக் கட்டத்தில் போட்டார்கள். அப்படிப் போட்டவரின் மகனுக்குத் தாத்தா பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் ஆட்நாவ், தம்பிக்கு வேறொன்று என்பது தாராவியில் அதிசயமில்லை. கல்யாணமான பெண்ணுக்கு நடுக்கட்டமும் கடைசிக் கட்டமும் சேர்ந்தே மாறும். ஆகவே அறுபது வயது அம்மாள் ஒருத்திக்குப் பிறந்த ஊரில் ஒரு பெயர், எல்.சி.யில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். மூன்றில் எது பிழை? என்னைக் கேட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் அந்தந்தப் படிவம் கேட்டதற்குச் சொன்ன நேர்மையான பதில். மூன்றையும் ஒரே மேஜையில் வைக்கும்போதுதான் அவள்மேல் சந்தேகம் வருகிறது.

2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு மகாராஷ்டிர அரசு இன்னொரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறது: பிள்ளை பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், பிறகு குடும்பப் பெயர். தாயின் பெயர் பதிவில் ஏறுவது நல்ல காரியம். இனிஷியலோடு பிறக்கும் தமிழ்க் குழந்தைக்கு இனி நான்கு கட்டம் நிரப்ப வேண்டும் என்பதும் உண்மை.

இந்த விஷயத்தில் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாம் நினைப்பதைவிட நாகரிகமானது. பதிவில் பிழை இருந்தால் மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. அழிப்பதில்லை, மறைப்பதில்லை, பிழையும் திருத்தமும் ஒரே பக்கத்தில் நிற்கும். மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் 2000இல் இயற்றிய விதிகள் மத்திய அரசின் மாதிரி விதிகளை ஒட்டியவை. வெறும் எழுத்துப் பிழை என்றால் பதிவாளரே விசாரித்துச் சரிசெய்யலாம். விவரமே தவறென்றால், உண்மை தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் கொடுக்கும் வாக்குமூலத்தின் பேரில் திருத்தலாம். இரண்டு பேர்! மருத்துவச்சியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தாய்மாமனோ வந்து இந்தப் பிள்ளை இன்னார் பிள்ளை என்று சொன்னால் அரசு காதுகொடுக்கும். மனிதரின் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் கேட்பதோ ஆதார், பான், எல்.சி. நகல். சட்டத்தைப் படித்தவர் யாராவது கூட இருந்தால் தவிர, சாட்சி என்ற சொல்லே அங்கே எழுவதில்லை.

பிறப்புச் சான்றிதழின் கனம் இப்போது கூடியிருக்கிறது. 2023இல் வந்த திருத்தச் சட்டப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் என்று பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுவே ஆதாரம். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒரு சீட்டில் விழும் எழுத்து, ஆயுள் முழுக்கக் கூடவரும்.

விதியில் வழியிருந்தும் சிறு எழுத்துப் பிழைக்காரர்களைக்கூடக் கெஜட் பக்கம் தள்ளிவிடுவது மும்பையில் பழகிப்போன குறுக்குவழி. சர்னி ரோட்டில் அரசு அச்சகம் இருக்கிறது. இப்போது விண்ணப்பம் ஆன்லைனில். பழைய பெயர் இது, புதிய பெயர் இது என்று அறிவிப்பு அச்சாகி வரும். இதில் இரண்டு வேடிக்கை. அறிவிப்பின் உண்மைத்தன்மைக்கு அரசு பொறுப்பில்லை என்று அந்தப் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். பொறுப்பேற்காத அதே தாளைத்தான் மற்ற எல்லா அலுவலகங்களும் அரசின் முடிவாக ஏற்றுக்கொள்கின்றன. மற்றது எனக்கு அத்தனை வேடிக்கையாகப் படவில்லை. எழிலரசி ஒருபோதும் ஏலிலரசியாக இருந்ததில்லை. கெஜட்டில் அவள் தன் பழைய பெயர் ஏலிலரசி என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். குமாஸ்தாவின் பிழை இப்போது அவளே ஒப்புக்கொண்ட கடந்தகாலம். திருத்தம் வேறு, மாற்றம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஜிக்யா யாதவ் வழக்கில் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்கள் தொடர்பாகத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி, அதைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது பேச்சுரிமைக்குள் வரும் என்றும் சொன்னது. வார்டு ஆபீஸ் வரைக்கும் அந்தப் பிரிவினை வந்து சேரவில்லை.

பிரமாணப் பத்திரம் தனிக் கதை. அரசு அலுவலகத்தில் கொடுப்பதற்கு முத்திரைத்தாள் வேண்டாமென்று மகாராஷ்டிர அரசு 2004இலேயே விலக்கு அளித்தது. 2024 அக்டோபரில் குறைந்தபட்ச முத்திரைக் கட்டணம் 100 ரூபாயிலிருந்து 500 ஆக உயர்ந்தது. சான்றிதழ்களுக்கான பத்திரங்களுக்கு அது தேவையில்லை என்று 2025 மார்ச்சில் மறுபடியும் அறிவிக்க வேண்டி வந்தது. விலக்கு இருக்கிறது என்பதை ஏஜென்ட் சொல்லமாட்டார், அது அவர் பிழைப்பு.

பள்ளிக்கூடத்து எல்.சி. மகாராஷ்டிரத்தில் வெறும் படிப்புச் சான்று இல்லை. அதில் சாதி, பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். பள்ளியை விட்டுப் போன பிறகு பொதுப் பதிவேட்டில் கைவைக்க முடியாது என்று பல காலம் திருப்பி அனுப்பினார்கள். வெளிப்படையான பிழையைப் பிறகும் திருத்தலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019இல் சொல்ல வேண்டியிருந்தது. இது ஏன் முக்கியமென்றால், வேறு மாநிலத்திலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பம் மகாராஷ்டிரத்துக்காரராகச் சாதிச் சான்று வாங்க 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டவருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. இடம்பெயர்ந்தவரின் சாதி உரிமை அவரோடு கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு சொன்ன வழக்கே தாதருக்குப் பக்கத்தில், பரேலில் இருக்கும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியது. ஆக, ஒரு பேத்தியின் படிப்பு, அவள் தாத்தா 1948இல் தாராவியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ஆசிரியர் எழுதிய ஒரு வரியில் தொங்கும். அந்த வரியில் தாத்தா பெயர் சரியாக இருக்க வேண்டும்.

பிறந்த தேதியைப் பொறுத்தவரை பெரிய மனிதரும் சின்ன மனிதரும் ஒன்றுதான். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங்கின் பிறந்த தேதி ராணுவத்தின் ஒரு பிரிவில் 1950 மே 10 என்றும் இன்னொரு பிரிவில் 1951 மே 10 என்றும் இருந்தது. 1950 என்பது பள்ளிப் பருவத்தில் நிரப்பிய தேர்வு விண்ணப்பத்தில் விழுந்த ஆண்டு. பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உண்மையில் எப்போது பிறந்தார் என்பது இங்கே கேள்வி இல்லை, பதிவில் ஏற்கப்பட்ட தேதி எது என்பதே கேள்வி என்ற பொருளில் நீதிபதிகள் பேசினார்கள். பதிவேடுகளின் உலகத்தை இதைவிட வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை. பல லட்சம் பேர் கொண்ட படையின் தலைவருக்கே இந்தக் கதி என்றால் தாராவி இட்லிக்காரர் எந்த மூலை.

ஆதாருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 31ஆம் பிரிவு, விவரம் தவறாக இருந்தால் திருத்தும்படி கோர வேண்டும் என்கிறது; ஆதார் ஆணையம் திருப்தி அடைந்தால் திருத்தலாம் என்றும் சொல்கிறது. இந்த "லாம்" பல பேரை அலைய வைத்திருக்கிறது. பெயரை ஆயுளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம் என்பது ஆணையத்தின் கட்டுப்பாடு. முதல் திருத்தத்தில் ஆபரேட்டர் தப்பாகத் தட்டினாலும் கணக்கில் ஒன்று போயிற்று. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. ராணுவ வீரரின் விதவை, எழுபது தாண்டியவர். ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் தவறாக இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கவில்லை. நலத்திட்டத்துக்கு ஆதாரைக் கட்டாயமாக்கினால் அதைத் திருத்திக்கொள்வதும் குடிமக்களின் உரிமைதான், திருத்தும் வசதியை ஆளுக்கு எட்டும் தூரத்தில் வைப்பது ஆணையத்தின் கடமை என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இதற்கு ஓராண்டு முன்பு, 2024 அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது, பள்ளிச் சான்றே மேல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சான்றாகாத ஒரு தேதியைச் சரிசெய்யத்தான் முதியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

வெளியே எட்டிப் பார்த்தால் சுமையை யார் தலையில் வைப்பது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டப்படி, கூட்டரசு அலுவலகத்திடம் திருத்தம் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் விண்ணப்பம் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டிலும் மறுத்தால், எனக்கு இதில் உடன்பாடில்லை என்று குடிமகன் எழுதிக் கொடுப்பதைப் பதிவோடு சேர்த்தே வைக்க வேண்டும். பிரேசிலின் 1988 அரசியலமைப்பு, அரசிடம் உள்ள தன் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் நீதிமன்றம் போக ஹேபியஸ் டேட்டா என்ற தனி மனுவையே கொடுத்தது. நம்முடைய 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் திருத்த உரிமையைப் பேசுகிறது. உன்னிப்பாகப் படித்தால், நாம் ஒப்புதல் கொடுத்த தரவுக்குத்தான் அந்த உரிமை. மானியம், சான்றிதழ், உரிமம் வழங்க அரசு நம் ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாளலாம் என்று 7ஆம் பிரிவு தனியாக வழிவிடுகிறது. எங்கே ஒப்புதல் கேட்கவில்லையோ அங்கே திருத்த உரிமையும் மெலிந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, திருத்தம் கேட்பவர் சரிபார்க்கத்தக்க உண்மை விவரத்தை மட்டுமே தர வேண்டும் என்கிறது. மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நடைமுறையில் இன்றைக்குக் கைகொடுப்பது பழைய ஆயுதங்கள்தான்: எந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம், கெடு தவறினால் மேல்முறையீடு செய்ய மகாராஷ்டிரத்தின் 2015ஆம் ஆண்டுச் சேவை உரிமைச் சட்டம்.

இத்தனையும் இப்போது தாராவியில் வீட்டுப் பிரச்சினையாகிவிட்டது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை அல்லது தவணை வீடு. யார் தகுதி, யார் தகுதியில்லை என்று வரும் பட்டியலை அனெக்ஸர் டூ என்கிறார்கள். அந்தப் பெயர் இப்போது டீக்கடையில் டீ ஆற்றுபவர் வாயிலும் புழங்குகிறது. காட்ட வேண்டியவை 1976 ஜனவரி 4 அன்று நடந்த குடிசைக் கணக்கெடுப்பையொட்டிக் கொடுத்த போட்டோ பாஸ், மராத்தியில் எழுதிய பழைய வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது போன்றவை. அவற்றை இன்றைய ஆதாரோடு பொருத்திப் பார்ப்பார்கள். பாஸ் தாத்தா பெயரில். பட்டியலில் அப்பா பெயர் ஒரு மாதிரி. ஆதாரில் இன்னொரு மாதிரி. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதுவதுதான் வழக்கமான வைத்தியம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். இங்கே ஒரு எச், ஒரு ழகரம், நிரப்பாமல் விட்ட ஓர் ஆட்நாவ் 350 சதுர அடிக்குச் சமம்.

பட்டியலில் தகுதியில்லை என்று வந்தவர் ஆட்சேபம் தரலாம், மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் காகிதத்துக்குக் காகிதம்தான் பதில். 1969 சட்டத்தை ஒட்டிய விதி கேட்ட, உண்மை தெரிந்த அந்த இரண்டு பேர் தாராவியில் இன்றும் இருக்கிறார்கள்: எதிர்வீட்டு ஆச்சி, ஒரே வண்டியில் ஊரிலிருந்து வந்து இறங்கிய அண்ணாச்சி. இவர் 1990களில் இந்தக் குடிசையில்தான் இருந்தார், இவர் அப்பா பெயர் இதுதான் என்று தமிழில் சொல்ல அவர்களால் முடியும். எழுதிக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு மேஜையும் போதும். கணக்கெடுப்பில் அப்படி ஒரு மேஜையை முறைப்படி போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. தகுதி இல்லை என்றும் மாடி வீடு என்றும் பிரித்து ஆட்களை நகரத்தின் வேறு வேறு மூலைகளுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, அந்த ஆச்சியையும் அண்ணாச்சியையும் ஒரே நாளில் ஒரே கவுன்ட்டருக்குக் கூட்டிவருவது மேல்முறையீடு செய்பவரின் செலவில் நடக்க வேண்டிய வேலையாகிவிடும்.